முகவாய் இம்ப்ளான்ட்: செய்துகொண்டவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்

#1 மழைக்காகிதம்

வணக்கம். வயது 29, ஆண், கோவை. எனக்கு முகவாய் உள்வாங்கியிருக்கும். நேராகப் பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. பக்கவாட்டில் போட்டோ எடுத்தால் கீழுதட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் முகம் அப்படியே கழுத்துக்கு இறங்கிவிடும். கல்லூரியிலிருந்தே தாடி வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு காஸ்மெடிக் கிளினிக்கில் விசாரித்தேன். சிலிகோன் இம்ப்ளான்ட் வைத்தால் போதும், முக்கால் மணி நேர வேலை, அன்றைக்கே வீடு, வெள்ளிக்கிழமை செய்தால் திங்கட்கிழமை ஆபீஸ் என்றார்கள். கம்ப்யூட்டரில் என் போட்டோவை இழுத்து "இப்படி வரும் சார்" என்று காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவும் பேசியவர் டாக்டர் இல்லை, கவுன்சிலராம். டாக்டரை ஆபரேஷன் அன்று பார்க்கலாமாம். அதுதான் உறுத்துகிறது.

வலி எப்படி இருக்கும், வீக்கம் எப்போது வடியும், சாப்பாடு, பேச்சு, பிற்காலத் தொந்தரவு, எல்லாம் சொல்லுங்கள். தை மாதம் கல்யாணம். அதற்குள் சரியாகிவிடுமா? "இருக்கிற முகமே அழகு" என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அதை அம்மா தினமும் சொல்கிறார்.

#2 பல்லாங்குழி

நான் செய்துகொண்டு சில வருடம் ஆகிறது. பெண். சிலிகோன்தான், முகவாய்க்கு அடியில் கீறி வைத்தார்கள்.

வலி எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, பாரசிட்டமாலிலேயே ஓடிவிட்டது. படுத்தியது இறுக்கம்தான். பிளாஸ்திரியைப் பிரித்துக் கண்ணாடியைப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. வீக்கமும் சேர்ந்து முகவாய் எங்கேயோ நீண்டு நின்றது. சிரித்தால் மேலுதடு மட்டும்தான் சிரிக்கும், கீழே அசைவே இருக்காது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அப்புறம் மரத்துப்போவது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு இருக்குமே, அதே உணர்வுதான், ஆனால் வாரக்கணக்கில். டம்ளர் உதட்டில் பட்டதா இல்லையா என்றே தெரியாது. டீ நைட்டியில் சொட்டின பிறகுதான் வாயோரம் ஒழுகுகிறது என்று புரியும். ப, ம வருகிற சொல்லெல்லாம் குழறும். போனில் பேசிய சித்தி "ஏன்டி, வெத்தலை போட்டிருக்கியா?" என்று கேட்டார். உணர்ச்சி திரும்பும்போது எறும்பு ஊர்வதும் சுரீரென்று இழுப்பதுமாக இருக்கும். அது நல்ல அறிகுறி என்று டாக்டர் சொன்னார், உண்மையாகத்தான் இருந்தது.

சாப்பாடு: குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி. முறுக்கு, கரும்பு, பரோட்டா பக்கம் கொஞ்ச நாள் போகவே இல்லை. தலையை உயர்த்தி, மல்லாந்துதான் தூங்க வேண்டும். தையல் ஒரு வாரத்துக்குள் பிரித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஆபீஸ்? வீட்டிலிருந்து கேமராவை அணைத்துவிட்டு வேலை பார்க்கலாம். நாலு பேர் முன்னால் போய் நிற்க இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். அசல் வடிவம் தெரிய மூன்று மாதத்துக்கு மேல். எனக்கு மொத்தத்தில் திருப்திதான். திரும்பக் கேட்டாலும் செய்துகொள்வேன்.

#3 ஈரோட்டான்

தம்பி, தாடி இலவசம். பொண்ணும் தாடியைப் பார்த்துத்தானே சரி சொல்லியிருக்கும்? அப்படியே இரு.

#4 வாய்முகம்

நான் வாய், முக, தாடை அறுவை சிகிச்சை மருத்துவன். இழையில் எல்லோரும் ஆபரேஷனுக்குப் பிறகு என்ன ஆகும் என்று பேசுகிறீர்கள். நான் அதற்கு முந்தைய கேள்வியைக் கேட்கிறேன். மழைக்காகிதம், உங்கள் பற்கள் எப்படிக் கடிக்கின்றன?

முகவாய் சிறிதாகத் தெரிய இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கீழ்த்தாடை சரியான இடத்தில் இருக்கிறது, பற்கள் ஒழுங்காகக் கடிக்கின்றன, நுனி எலும்பு மட்டும் வளர்ச்சி குறைவு. இதற்கு இம்ப்ளான்ட் நல்ல தீர்வு. இன்னொன்று, கீழ்த்தாடை மொத்தமுமே பின்னால் இருக்கிறது. அப்போது மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைத் தாண்டி வெளியே நிற்கும். சாதாரணமாக அந்த இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதைவிட நிறைய இருந்தால் இம்ப்ளான்ட் வைப்பது குறையை மூடிவைப்பதுதான், பின்னால் இருக்கும் தாடை பின்னாலேயே இருக்கும்.

இதைப் பார்க்கப் பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, அதாவது செஃபலோகிராம், ஒன்று போதும். அதை எடுக்காமல் போட்டோவை இழுத்துக் காட்டி அளவு சொல்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். போட்டோ என்றதும் இன்னொன்று. செல்ஃபியைப் பார்த்து முகத்தை எடை போடாதீர்கள். 2018இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி, ஓரடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபி ஐந்தடி தள்ளி எடுக்கும் படத்தைவிட மூக்கைச் சுமார் 30 சதவீதம் அகலமாகக் காட்டும். மூக்கு பெரிதானால் முகவாய் தானாகச் சிறிதாகிவிடும். பக்கவாட்டுப் படத்தை வேறு யாராவது ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுக்கட்டும்.

உதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவில் உள்ள மடிப்பையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஆழமாக இருந்தால் இம்ப்ளான்ட் அதை இன்னும் ஆழமாக்கும். முகவாய் உயரம் குறைவு என்றாலும் இம்ப்ளான்டால் பெரிய பயன் இல்லை, அது முன்னால்தான் தள்ளும்.

#5 மழைக்காகிதம்

டாக்டர், நன்றி. எட்டாம் வகுப்பில் எனக்கு மேல்பல் துருத்திக்கொண்டிருந்தது. மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்லைப் பிடுங்கிவிட்டுக் கம்பி போட்டார்கள். இப்போது வரிசை நன்றாக இருக்கிறது. ஆனாலும் கடித்தால் கீழ்ப்பல் உள்ளே போய் மறைந்துவிடும்.

சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை: நன்றாகக் குறட்டை விடுவேன். ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டிலுக்கு ஆளே வரமாட்டான். உடம்பு ஒல்லிதான்.

#6 வாய்முகம்

சம்பந்தம் நிறைய இருக்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பின்னால் இருந்த கீழ்த்தாடைக்கு ஏற்ப மேல்பற்களையும் பின்னால் இழுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த வயதில் பல இடங்களில் செய்கிற முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பல் வரிசை அழகாக இருப்பதால் தாடை சரியாக இருக்கிறது என்று ஆகாது. நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது.

குறட்டைக்கு வருவோம். ஒல்லியான இளைஞர், உள்வாங்கிய தாடை, பலத்த குறட்டை. இந்த மூன்றும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று சோதிக்காமல் நான் கத்தியைத் தொடமாட்டேன். தாடை பின்னால் இருந்தால் நாக்கும் பின்னால் சரியும். சிலிகோன் எலும்புக்கு முன்னால் உட்காரும் பொருள், நாக்கை ஒரு மயிரிழைகூட முன்னால் இழுக்காது. பார்க்க லட்சணமாக இருக்கும், மூச்சு அடைப்பது அடைத்தபடியே இருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று. சிறிய தாடை உள்ளவருக்கு மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்குழாயைக் காப்பது கடினம். "லேசான மயக்கம்தான்" என்பார்கள். அந்த லேசான மயக்கத்திலேயே நாக்கு பின்னால் சரிந்து மூச்சு நிற்கலாம். எனவே கிளினிக்கில் கேளுங்கள்: மயக்க மருத்துவர் யார், ஆபரேஷன் முழுவதும் அவர் கூடவே இருப்பாரா, ஆக்சிஜனும் குழாய் போடும் வசதியும் உண்டா? மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்வதும் உண்டு, அது வேறு கணக்கு.

#7 நெல்லைச்சீமை

எனக்கு வைத்து எடுத்தாகிவிட்டது. அந்தப் பக்கமும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பெயர் கேட்காதீர்கள்.

வெளியே தழும்பு தெரியக்கூடாது என்று வாய்க்குள்ளே, கீழுதட்டை மடக்கி ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில் கீறி வைத்தார்கள். சில வாரம் நன்றாக இருந்தது. பிறகு நாடி ஒரு பக்கம் மட்டும் சிவந்து சூடாயிற்று. தொட்டால் உயிர் போகும். மாத்திரை கொடுத்தார்கள், அடங்கிற்று, நிறுத்தினதும் திரும்ப வந்தது. கடைசியில் வாய்க்குள் தையல் போட்ட இடத்தில் சீழ் உடைந்து உப்புக் கரித்தது. எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள்.

எடுத்ததோடு முடியவில்லை. கீழுதடு இறங்கிவிட்டது. சும்மா இருந்தாலும் கீழ்ப்பல் தெரிகிறது, நாடித் தசை கொழகொழவென்று தொங்குகிறது. வேறொரு ஊரில் வேறொரு டாக்டரிடம் தசையை இழுத்துக் கட்டிய பிறகுதான் ஓரளவு சரியானது.

மழைக்காகிதம் தம்பி, ஒன்றே ஒன்று செய்யுங்கள். இம்ப்ளான்ட் டப்பாவில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி, அளவு, லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். எனக்குத் தரவில்லை. எடுக்கப்போன டாக்டர் "என்ன மெட்டீரியல்?" என்று கேட்டபோது முழித்துக்கொண்டு நின்றேன்.

#8 பல்லாங்குழி

நெல்லைச்சீமை அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இதைப் பார்த்து எல்லோரும் பயந்து ஓடவேண்டியதில்லை. எனக்கு அடிப்பக்கம் கீறியதால் வாய்க்கிருமி தொற்றும் பேச்சே இல்லை. தழும்பு இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும், நான் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். டாக்டர், எலும்பு அரிக்கும் என்று வேறு சிலர் எழுதுகிறார்கள், அது மிகைதானே?

#9 வாய்முகம்

மிகை இல்லை, ஆனால் பூதமும் இல்லை. முகவாய் இம்ப்ளான்டுக்கு அடியில் எலும்பு கரைவதை 1969லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். தசை எப்போதும் இம்ப்ளான்டை எலும்பின்மேல் அழுத்துகிறது. அழுத்தம் தொடர்ந்தால் எலும்பு வழிவிடும். பெரும்பாலும் ஓரளவு பதிந்ததும் நின்றுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. தொல்லை எங்கே என்றால், இம்ப்ளான்ட் மேலே ஏறி, கீழ் முன்பற்களின் வேருக்கு முன்னால் உள்ள மெல்லிய எலும்பில் உட்கார்ந்துவிட்டால். பல்லின் வேரையே தொட்டுவிடலாம். தாடையின் கீழ் விளிம்பில் எலும்பு தடிமனாக, கெட்டியாக இருக்கும், அங்கேதான் உட்கார வேண்டும். வாய் வழியாக வைக்கும்போது மேலே ஏறும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். நகராமல் இருக்கத் தையலோ ஸ்க்ரூவோ போடுகிறார்களா என்று கேளுங்கள்.

நெல்லைச்சீமை சொன்னது முகவாய்த் தசை தொங்கிப்போவது. வாய் வழியாகப் போகும்போது அந்தத் தசையை அறுத்துத்தான் உள்ளே போகிறோம். முடிக்கும்போது அதைத் திரும்ப எலும்போடு சேர்த்து ஒழுங்காகத் தைக்க வேண்டும். அந்தத் தையலில் அவசரப்பட்டால் உதடு இறங்கும். வாய் வழி முறையே தப்பு என்று சொல்லமாட்டேன், நானும் செய்கிறேன்.

மரத்துப்போவதற்குக் காரணம் கீழ்க் கடவாய்ப்பற்களுக்குச் சற்று முன்னால் எலும்பின் ஒரு துளை வழியாக வெளியே வரும் நரம்பு. இம்ப்ளான்டின் இரண்டு இறக்கைகளும் அதற்குக் கீழாகத்தான் போக வேண்டும். இழுபட்டால் சில வாரம், சில மாதம் மரத்துப் பிறகு திரும்பும். இம்ப்ளான்ட் அதன்மேலேயே உட்கார்ந்தாலோ நரம்பு அறுபட்டாலோ நிரந்தரம். அரிதுதான், ஆனால் கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

மெட்டீரியல்: சிலிகோனைச் சுற்றி உடம்பு ஒரு மெல்லிய உறை கட்டிக்கொள்ளும், பிற்காலத்தில் எடுப்பது சுலபம். நுண்துளை பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் வகையும் உண்டு, அதற்குள் திசு வளர்ந்து ஊடுருவும். அசையாது, எடுக்கவும் விடாது. கூர்மையாக நடுவில் மட்டும் நிற்கும் பழைய சின்ன இம்ப்ளான்டுகள் முகத்தில் ரப்பர் பந்தை ஒட்டினாற்போல் இருக்கும். இப்போது பக்கவாட்டில் மெலிந்துகொண்டே போகிற நீள வகைதான் பழக்கத்தில் உள்ளது.

#10 பனிமூட்டம்

நான் டொராண்டோவில் இருக்கிறன். நான் இம்ப்ளான்ட் வைக்கவில்லை, ஸ்லைடிங் ஜீனியோபிளாஸ்டி செய்தனான். முகவாய் எலும்பைக் குறுக்காக வெட்டி, முன்னுக்குத் தள்ளி, டைட்டேனியம் தகடும் ஸ்க்ரூவும் போட்டுப் பூட்டுவினம். சொந்த எலும்பு, அதனால் வெளிப்பொருள் என்ற பயம் குறைவு. உயரத்தையும் கூட்டிக் குறைக்கலாம், கோணலையும் நேராக்கலாம். நாக்குத் தசையும் அந்த எலும்பில்தான் பிடித்திருக்கு, எலும்போடு சேர்ந்து அதுவும் முன்னுக்கு வரும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் விளங்கப்படுத்தினவர்.

ஆனால் இம்ப்ளான்டை விடப் பெரிய வேலை. முழு மயக்கம், கழுத்துவரை நீலம் பாரித்த வீக்கம், கஞ்சியும் சூப்பும்தான் சாப்பாடு. கீழுதட்டின் ஒரு மூலையில் இன்றைக்கும் முழு உணர்ச்சி இல்லை. பழகிப்போச்சு.

#11 கணக்குப்பிள்ளை

காசைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு மருத்துவச் சேவை வரிவிலக்கு கிடையாது. 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. கிளினிக் சொன்ன தொகை வரியோடா, வரி இல்லாமலா என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் காஸ்மெடிக் சர்ஜரி நிலையான விலக்கு, "எக்ஸ்க்ளூஷன் 08" என்று இருக்கும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, அல்லது உடல்நலத்துக்கு அவசியம் என்று மருத்துவர் சான்று தருவது, இவற்றுக்கு மட்டும் வழி உண்டு. தூக்கத்தில் மூச்சு அடைப்பது உறுதியாகி அதற்காகத் தாடையையே நகர்த்தினால் கிளைம் கேட்டுப் பார்க்கலாம். கொடுப்பார்கள் என்று நான் வாக்குத் தரவில்லை.

பிறகு திரும்ப எடுக்க நேர்ந்தால் யார் செலவு? எழுதி வாங்குங்கள்.

#12 சுருள்முடி

இவ்வளவு எதற்கு? ஃபில்லர் போடலாமே, தோலுக்கு அடியில் ஜெல் ஏற்றுவது. ஊசிதான், அடுத்த வாரமே கல்யாணத்துக்குத் தயார். பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம்.

#13 வாய்முகம்

ஹயலுரோனிக் ஃபில்லர் சிலருக்கு நல்ல ஒத்திகைதான், ஒரு வருடம் ஒன்றரை வருடத்தில் கரைந்துவிடும். ஆனால் "ஊசிதான்" என்ற பேச்சு வேண்டாம். ரத்தக்குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகும். கரைக்கும் ஹயலுரோனிடேஸ் மருந்து அங்கேயே கையிருப்பில் இல்லாத இடத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். பியூட்டி பார்லரில் கட்டாயம் கூடாது. ஆண்களுக்கு வேண்டியிருக்கும் அளவை ஃபில்லரிலேயே கொண்டுவரப் பார்த்தால் முகவாய் அகன்று உப்பிப்போகும்.

#14 மழைக்காகிதம்

ஒரு அப்டேட். செஃபலோகிராம் எடுத்தேன். மருத்துவக் கல்லூரி ஒன்றில் முகத்தாடைப் பிரிவில் காட்டினேன், கட்டணம் கிளினிக் கவுன்சிலிங்கைவிடக் குறைவு. கீழ்த்தாடையே பின்னால்தான் இருக்கிறது. வீட்டில் மாட்டிக்கொண்டு தூங்கும் கருவியை வைத்துத் தூக்கச் சோதனையும் எடுத்தாயிற்று, மிதமான அளவில் மூச்சுத் தடை. இரண்டு வழி சொல்கிறார்கள். முறையாகச் செய்வதென்றால் மறுபடி கம்பி போட்டுப் பல்லைத் தயார்செய்து தாடையை நகர்த்துவது, ஒன்றரை இரண்டு வருடம். இல்லையென்றால் மூச்சுக்குத் தனியாகக் கருவி, முகவாய்க்கு மட்டும் ஜீனியோபிளாஸ்டி.

கிளினிக்குக்கு போன் போட்டு முன்பணத்தைத் திரும்பக் கேட்டேன். "அதை அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார், லேசர் பேக்கேஜ் இருக்கு" என்கிறார்கள்.

தைக்கு முன்னால் எதுவும் இல்லை என்று முடிவு. வருங்கால மனைவியிடம் எக்ஸ்ரேயைக் காட்டினேன். முகவாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, குறட்டையைப் பற்றித்தான் மூன்று கேள்வி கேட்டார்.

#15 ஈரோட்டான்

அப்போ தாடிதான். நான் சொன்னேனா இல்லையா?

#16 பல்லாங்குழி

சரி ஈரோட்டார், இந்தத் தடவை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறோம். டாக்டர், இழை முடிவதற்குள் எனக்கும் ஒரு சந்தேகம். கீழே ஒரு கடவாய்ப்பல் போய்விட்டது, பல் இம்ப்ளான்ட் வைக்கச் சொல்கிறார்கள். முகவாயில் சிலிகோன் இருந்தால் பரவாயில்லையா? எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால்?

#17 வாய்முகம்

சிலிகோனில் உலோகம் இல்லை, எம்ஆர்ஐக்குத் தடை கிடையாது. ஸ்க்ரூ போட்டிருந்தால் என்ன உலோகம் என்று சொல்லுங்கள், டைட்டேனியம் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை.

பல் இம்ப்ளான்டும் வைக்கலாம். ஆனால் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கீழ்த்தாடையில் ஊசி போடும்போதும் ஈற்றைத் திறக்கும்போதும் இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள உறையைத் தொடாமல் வேலை செய்ய வேண்டும். அந்தப் பல்லில் சீழ் ஏதாவது இருந்தால் அதை முதலில் சுத்தம் செய்யட்டும், பக்கத்தில் உள்ள தொற்று சிலிகோனுக்குப் போகக்கூடாது. எப்படியும் ஸ்கேன் எடுப்பார்கள். அந்தப் படத்திலேயே சிலிகோனுக்கு அடியில் எலும்பு எவ்வளவு பதிந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், அதற்கென்று தனியாக ஒன்று எடுக்க வேண்டாம். ஸ்டிக்கர் இருக்கிறதா உங்களிடம்?